விமான இரைச்சலைக் குறைக்க அரசு எதை முதலில் செய்ய வேண்டும்?

விமான நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் இரைச்சலைப் பற்றிப் புகார் சொன்னால், பெரும்பாலான அரசுகளிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "புது விமானங்கள் சத்தம் குறைந்தவை, போகப்போகச் சரியாகிவிடும்." பொய்யில்லை. ஆனால் அது முடிவைத் தள்ளிப்போடுகிற பதில். அரசின் கையில் உண்மையில் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. செலவு யார் தலையில் விழும், நிம்மதி யாருக்குக் கிடைக்கும், அது எத்தனை ஆண்டில் வந்து சேரும் என்று கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது.

இந்த வழிகளுக்கு அதிகாரபூர்வமான ஒரு வரிசை உண்டு. ஐ.நா.வின் கிளை அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. என்னும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 2001-ல் 'சமநிலை அணுகுமுறை' என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. விமானத்திலேயே சத்தத்தைக் குறைப்பது, சுற்றியுள்ள நிலத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது, பறக்கும் முறையை மாற்றுவது, விமானங்களுக்கே கட்டுப்பாடு போடுவது என்று நான்கு தூண்கள். நான்காவதை எடுத்த எடுப்பில் கையில் எடுக்கக் கூடாது, மற்ற மூன்றையும் அலசிப் பார்த்த பிறகே தொட வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1990-களின் கடைசியில், பழைய அமெரிக்க விமானங்களின் என்ஜினில் ஒலியடக்கி பொருத்தி விதிக்குள் கொண்டுவந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் சட்டம் போட்டது. அமெரிக்கா ஐ.சி.ஏ.ஓ.விடம் புகாருக்குப் போனது. அந்தச் சண்டைக்குச் செய்த சமரசம்தான் சமநிலை அணுகுமுறை. நாடுகளுக்கிடையே வர்த்தகத் தகராறு வராமல் இருக்க அது நல்ல வரிசை. ஓடுபாதைக்கு நேர் கீழே தூங்க முயல்கிறவருக்கு அது நல்ல வரிசைதானா என்பது வேறு கேள்வி. இல்லை என்றே நினைக்கிறேன். இரவைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பார்த்தால், கடைசியில் வைத்திருக்கும் வழி பல இடங்களில் முதலுக்கு வந்துவிடும்.

முதலில் அளவுகோல்

எந்த வழி சிறந்தது என்பதை முக்கால்வாசி தீர்மானித்துவிடுவது, அரசு எதை அளக்கிறது என்பதுதான். டெசிபல் கணக்கு நம் வழக்கமான கணக்கு மாதிரி போகாது. ஒலியின் ஆற்றல் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கோ ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும்.

இதை அப்படியே கொள்கைக்குள் கொண்டுவந்து பாருங்கள். நாள் முழுக்கப் பறக்கும் விமானங்களைப் பாதியாகக் குறைத்தால் சராசரி இரைச்சல் 3 டெசிபல் குறையும், அவ்வளவே. இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு விமானத்தையும் 3 டெசிபல் அமைதியான விமானமாக மாற்றிவிட்டு, எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் சராசரி அப்படியே இருக்கும். அறிக்கையில் "இரைச்சல் கூடவில்லை" என்று எழுதலாம். கீழே இருப்பவரின் பேச்சு ஒரு மணி நேரத்தில் 10 தடவை நின்றது இப்போது 20 தடவை நிற்கும்.

ஐரோப்பாவில் பயன்படும் நாள்-மாலை-இரவுச் சராசரியில் மாலை விமானத்துக்கு 5 டெசிபல், இரவு விமானத்துக்கு 10 டெசிபல் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க அளவுகோலில் மாலைக்கு எதுவும் இல்லை, இரவுக்கு மட்டும் 10. 10 டெசிபல் என்றால் ஆற்றலில் 10 மடங்கு. ஆக, ஓர் இரவு விமானம் 10 பகல் விமானங்களுக்குச் சமம். பகலில் 400, இரவில் 20 என்று ஒரே மாதிரியான விமானங்கள் வந்துபோகும் ஒரு கற்பனை விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் அது 400-உடன் 200 சேர்ந்து 600. இரவில் வரும் 20-ஐ நிறுத்தினாலும் ஒன்றுதான், பகலில் 200-ஐ நிறுத்தினாலும் ஒன்றுதான்: இரண்டிலும் சராசரி சுமார் 1.8 டெசிபல் குறையும். அந்த 20-ஐ அடியோடு ரத்து செய்யாமல் பகலுக்கு மாற்றினாலே 1.5 டெசிபலுக்கு மேல் குறைந்துவிடும். அதிகாரபூர்வச் சூத்திரமே இப்படிச் சொல்லும்போது, இரவுக் கட்டுப்பாட்டைக் கடைசி வழி என்று வைப்பது எனக்குப் புரிவதில்லை.

எங்கே கோடு போடுவது என்பதிலும் பிரச்சினை உண்டு. அமெரிக்காவில் 65 டெசிபலுக்குள் இருந்தால் குடியிருப்புக்கு ஏற்றது என்ற கோடு பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. அது 1978-ல் வரையப்பட்ட ஒரு வளைகோட்டின் மேல் நிற்கிறது. அந்த அளவில் கடுமையாக எரிச்சலடைபவர்கள் சுமார் 12 சதவீதம் பேர்தான் என்றது அது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2021-ல் வெளியிட்ட புதிய கணக்கெடுப்பிலோ அதே 65 டெசிபலில் அந்த விகிதம் 60 சதவீதத்தைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் விமான இரைச்சலுக்குப் பரிந்துரைத்தது, முழு நாளுக்கு 45 டெசிபல், இரவுக்கு 40 டெசிபல். எந்தப் பெரிய விமான நிலையத்தின் சுற்றுப்புறமும் இதற்குள் அடங்காது. அதனால் இதை உடனடி இலக்காக யாரும் எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் 65-க்குக் கீழே பிரச்சினையே இல்லை என்று பேசுகிற வரைபடங்களை இனி நம்பவும் முடியாது.

அமைதியான விமானம்: நல்லது, ஆனால் மெதுவானது

விமானத்தின் சத்தம் மூன்று இடங்களில் அளக்கப்பட்டுத்தான் அதற்குச் சான்றிதழ் கிடைக்கிறது. தரையிறங்கும் பாதையில் ஓடுபாதை முனைக்கு 2 கிலோமீட்டர் முன்னால், புறப்படும்போது ஓட ஆரம்பித்த இடத்திலிருந்து 6.5 கிலோமீட்டர் தள்ளி, அப்புறம் பக்கவாட்டில் 450 மீட்டர். மூன்றையும் கூட்டித்தான் வரம்பு. 2006-ல் வந்த தரம் அதற்கு முந்தையதை விட 10 டெசிபல் கடுமை, 2017-ல் பெரிய விமானங்களுக்கு வந்த தரம் அதைவிட இன்னும் 7 டெசிபல் கடுமை என்று சொல்வார்கள். அந்த 7 என்பது மூன்று இடங்களின் கூட்டுத்தொகை. ஒரு இடத்துக்கு என்று பார்த்தால் சராசரியாக இரண்டேகால் டெசிபல் வருகிறது. செய்திக்குறிப்பில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது.

அதற்காகத் தொழில்நுட்பம் சும்மா இருந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஜெட் புகைக்கற்றையின் சத்தம் அதன் வேகத்தின் எட்டாவது அடுக்கில் கூடும் என்பது 1950-களிலேயே தெரிந்த விதி. வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் மூன்றரை டெசிபலுக்கு மேல் குறையும். முன்பக்க விசிறியைப் பெரிதாக்கி, நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளும் என்ஜின்கள் வந்ததற்கு எரிபொருள் சிக்கனம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். புறப்பாட்டின் சத்தம் அப்படித்தான் குறைந்தது. தரையிறக்கத்தில் இப்போது என்ஜினோடு சக்கரமும் இறக்கை மடிப்புகளும் காற்றைக் கிழிக்கும் சத்தமும் போட்டி போடுகிறது. என்ஜினை எவ்வளவு மாற்றினாலும் அது போகாது.

சில நேரம் தீர்வு மலிவாகவும் இருக்கும். ஏ320 ரக விமானங்கள் தரையிறங்க வரும்போது ஒரு கூர்மையான ஊளைச் சத்தம் தனியாகக் கேட்கும். இறக்கையின் அடியில் எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தை வெளியேற்ற வட்டமான துளைகள் உண்டு. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருவது போல, அவற்றின் மேல் காற்று பாயும்போது எழுகிற சத்தம் அது. துளைக்கு முன்னால் சின்ன உலோகத் தகடு ஒன்றைப் பொருத்திக் காற்றைச் சுழலவிட்டால் ஊளை நின்றுவிடுகிறது. ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா 2014-ல் தன் விமானங்களில் இதைப் பொருத்த ஆரம்பித்தது. ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களுக்கு 4 டெசிபல் வரை குறைந்தது. பல ஆண்டு ஆராய்ச்சியில் உருவான புது என்ஜின் ஒரு இடத்தில் தரும் பலனுக்கு இது ஏறக்குறைய சமம். இப்படிப்பட்டதைப் பொருத்தாத விமானத்துக்குக் கூடுதல் தரையிறங்கு கட்டணம் என்று ஒரு வரி எழுத அரசுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

ஒரு விமானம் 20, 25 ஆண்டுகள் பறக்கும் என்பதுதான் இந்த வழியின் பலவீனம். இன்று போட்ட தரம் பாதி விமானங்களுக்குப் போய்ச் சேரவே பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். ஆகவே அரசின் உண்மையான பிடி சான்றிதழில் இல்லை, விமான நிலையத்தின் நுழைவு விதியில் இருக்கிறது. லண்டன் ஹீத்ரோவே இதற்குச் சாட்சி. அங்கே 1993 முதல் ஒவ்வொரு ரக விமானத்துக்கும் அதன் சத்தத்துக்கேற்ப இரவுப் புள்ளி உண்டு. 3 டெசிபல் கூடினால் புள்ளி இரட்டிப்பாகும். ஒரு பருவத்துக்கு மொத்தம் இத்தனை புள்ளி என்ற வரம்பும் உண்டு. ஏ380-ஐ வடிவமைத்தபோது, லண்டனின் இரவு விதிக்குள் அடங்க வேண்டும் என்று வாங்கவிருந்த விமான நிறுவனங்கள் வற்புறுத்தியதால் என்ஜின் விசிறியின் விட்டத்தையே பெரிதாக்கினார்கள், எரிபொருள் கொஞ்சம் கூடும் என்று தெரிந்தே. ஒரு நகரத்தின் இரவு விதி உலகம் முழுக்கப் பறக்கும் ஒரு விமானத்தின் சத்தத்தைக் குறைத்திருக்கிறது. கட்டுப்பாடு என்பது தொழில்நுட்பத்துக்கு மாற்று என்று பேசுவது தவறு. பல நேரம் கட்டுப்பாடுதான் தொழில்நுட்பத்தை முன்னால் தள்ளுகிறது.

பாதையை மாற்றுவது: சத்தம் குறைவதா, இடம் மாறுவதா?

விமான நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் ரொம்பப் பிடித்த வழி இது. செலவு குறைவு, ஒரு அறிவிப்பில் நடைமுறைக்கு வந்துவிடும். படிப்படியாகத் தாழ்ந்து, இடையிடையே சமதளத்தில் பறந்து வராமல், ஒரே சரிவாக இறங்கி வந்தால் என்ஜின் வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை. சத்தமும் குறையும், எரிபொருளும் மிச்சம். இதைச் செய்யாமலிருக்க நெரிசலைத் தவிர வேறு காரணமில்லை. ஆனால் இதன் பலன் ஓடுபாதையிலிருந்து இருபது கிலோமீட்டர், அதற்கும் அப்பால் இருப்பவர்களுக்குத்தான். கடைசிப் பகுதியில் எல்லா விமானமும் ஒரே கோட்டில், ஒரே சரிவில்தான் வரும். நிலையத்துக்கு ஒட்டினாற்போல் இருப்பவருக்கு இதனால் ஒன்றும் மாறாது.

சரி, அந்தக் கடைசிச் சரிவையே செங்குத்தாக்கினால்? வழக்கமான கோணம் 3 டிகிரி. ஃபிராங்ஃபர்ட்டில் ஓர் ஓடுபாதைக்கு 3.2 டிகிரி வைத்திருக்கிறார்கள், ஹீத்ரோவிலும் சோதித்தார்கள். ஓடுபாதை முனைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் 3 டிகிரியில் வரும் விமானம் சுமார் 262 மீட்டர் உயரத்தில் இருக்கும். 3.2 டிகிரியில் சுமார் 280 மீட்டர். இந்த உயர வித்தியாசம் மட்டும் தருவது அரை டெசிபலை ஒட்டிய லாபம். யார் காதுக்கும் அது தெரியாது. லண்டன் சிட்டி விமான நிலையத்தில் 5.5 டிகிரி உண்டு. அதற்கென்று தகுதி பெற்ற சிறு விமானங்கள்தான் அங்கே இறங்க முடியும்.

உண்மையான தகராறு பாதையைக் குவிப்பதா பரப்புவதா என்பதில்தான். செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்த பிறகு விமானங்கள் ரயில் தண்டவாளத்தில் போவது போல ஒரே கோட்டில் போக முடிகிறது. வரைபடத்தில் பார்த்தால் பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை குறைந்திருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டவர்களுக்கோ நாள் முழுக்க இடைவெளியே கிடையாது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் 2014 செப்டம்பரில் இப்படிப் பாதைகளை மாற்றினார்கள். அதுவரை அமைதியாக இருந்த பழைய குடியிருப்புகளின் மேல் விமானங்கள் வரிசைகட்ட, புகார்கள் குவிந்தன. நகரம் வழக்குப் போட்டது. முறையாகக் கலந்து பேசாமல் செய்த மாற்றம் செல்லாது என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிட்னி எதிர்ப்பக்கம் போனது. 1994-ல் மூன்றாவது ஓடுபாதை திறந்ததும் வடக்குப் பக்கத்து வீடுகளின் மேல் சத்தம் குவிந்து, விமான இரைச்சலை எதிர்ப்பதற்கென்றே ஒரு கட்சி தொடங்கி அடுத்த ஆண்டு மாநிலத் தேர்தலில் நின்றது. 1997-ல் வந்த திட்டம், தெற்கே கடல் பக்கம் 55 சதவீதம், வடக்கே 17, மேற்கே 15, கிழக்கே 13 என்று சத்தத்தைப் பங்குபோட்டது. காற்றின் திசையும் நெரிசலும் ஒத்துழைக்காததால் வடக்குப் பக்கம் தன் பங்குக்கு மேலேயே தாங்கிவருகிறது. இருந்தாலும், இன்ன நேரத்தில் இன்ன பக்கம் வராது என்ற ஏற்பாட்டுக்கு மதிப்பு உண்டு. ஹீத்ரோவில் காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில் பிற்பகல் 3 மணிக்குத் தரையிறங்கும் ஓடுபாதையை மாற்றிக்கொள்வார்கள். மொத்தச் சத்தம் ஒரு டெசிபல்கூடக் குறைவதில்லை. ஆனால் ஒரு பக்கத்து மக்களுக்கு அரை நாள் நிச்சயமான ஓய்வு கிடைக்கிறது. சராசரியில் தெரியாத இந்த நிச்சயத்தைப் பல திட்டங்கள் மதிப்பே இல்லாததாக எடுத்துக்கொள்கின்றன.

பரப்புவதில் அரசியல் ஆபத்து அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனி தன் தெற்கு எல்லைக்கு மேல் பறப்பதைக் குறைக்கச் சொன்னபோது, சுவிட்சர்லாந்தின் ஜூரிக் விமான நிலையம் 2003 அக்டோபரில் காலைத் தரையிறக்கத்தை நகரின் தெற்குப் பக்கம் திருப்பியது. ஒரு நாட்டின் புகார் தீர்ந்து இன்னொரு நாட்டின் புகாராக மாறியது. ஆகவே பாதை மாற்றத்தை நான் துணை வழியாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்: சரிவான இறக்கம் எல்லா இடத்திலும், முறைவைத்து ஓய்வு இரண்டு ஓடுபாதை இருக்கும் இடத்தில். புது ஆட்களின் தலைக்கு மேல் திருப்பிவிடுவது மட்டும் வேண்டாம்.

சன்னலை மாற்றித் தருவது

இரட்டைக் கண்ணாடி, தடித்த கதவு, கூரைக்கு அடைப்பு, மூடிய அறைக்குக் காற்றோட்டக் கருவி. பணம் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் செய்து முடிக்கலாம். சன்னல் திறந்திருக்கும் சாதாரண வீடு வெளிச்சத்தத்தில் 10 முதல் 15 டெசிபல்தான் தடுக்கும். நன்றாகக் காப்பிட்டு மூடிய அறை 30-க்கு மேலும் தடுக்கும். தூக்கத்துக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

மூடினால்தான் பலன் என்பதுதான் இதிலிருக்கும் சிக்கல். முற்றமும் மாடியும் விளையாட்டு மைதானமும் பழையபடியேதான் இருக்கும். வெப்ப நாடுகளில் மூடிய வீடு என்றால் குளிர்சாதனம், அதற்கு மாதாமாதம் மின்கட்டணம். அதையும் சேர்த்துத் தராத திட்டம் பாதித் திட்டம். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இதுதான் சரியான வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் பகல் விமானங்களை யாரும் நிறுத்தப் போவதில்லை.

பணம் எங்கிருந்து வருவது? சிட்னியில் 1995 முதல் 2006 வரை தரையிறங்கும் ஜெட் விமானங்கள் மேல் ஒரு வரி போட்டு வீடுகளுக்குக் காப்புச் செய்தார்கள். பிரான்ஸில் விமான இரைச்சலுக்கென்றே தனி வரி இருக்கிறது: விமானத்தின் எடை, அதன் ஒலி வகை, புறப்படும் நேரம் மூன்றையும் பார்த்துக் கணக்கிடுவார்கள். மாலைக்குப் பகலை விட அதிகம், இரவுக்கு அதையும் விட அதிகம். அந்தப் பணம் சுற்றியுள்ள வீடுகளின் காப்புக்குப் போகிறது. சத்தம் போடுபவரிடம் வாங்கி அதைக் கேட்பவருக்குச் செலவிடும் இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கிறது.

நிலம்: எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் முன்கூட்டியே

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீடு கட்டுவதற்கு முன்னால் செய்தால் ஏறக்குறைய இலவசம், கட்டிய பிறகு செய்தால் எல்லாவற்றையும் விட விலை அதிகம். ஆஸ்திரேலியா எதிர்கால இரைச்சலைக் கணித்து வரைபடம் போட்டு, 25 என்ற கோட்டுக்கு (இது டெசிபல் அல்ல, அந்நாட்டின் தனி அளவு) உள்ளே புது வீடுகள் ஏற்றவை அல்ல என்கிறது. முக்கியமான வார்த்தை 'எதிர்கால'. இன்றைய போக்குவரத்தை வைத்து வரைந்த கோட்டுக்கு ஒட்டி வீட்டுமனை விற்றால், பத்தாண்டில் அதே வீட்டுக்காரர்கள் போராடத் தெருவுக்கு வருவார்கள்.

காலம் கடந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தின் மேற்கே போய்ப் பார்க்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய சர்ஃப்ரிட்ஜ் என்ற குடியிருப்பு முழுவதையும் 1960, 70-களில் வாங்கி இடித்தார்கள். வீடு இல்லாத தெருக்கள் மட்டும் வேலிக்குள் கிடக்கின்றன. அழியும் நிலையிலுள்ள ஒரு நீல வண்ணத்துப்பூச்சிக்கு இப்போது அது சரணாலயம்.

விமான நிலையத்தையே தூரமாகக் கொண்டுபோகலாமே என்பார்கள். கனடாவின் மொன்ட்ரியல் 1975-ல் மிராபெல் விமான நிலையத்தை அப்படித்தான் கட்டியது. இரைச்சல் யாரையும் தொடக் கூடாது என்று சுமார் 39,000 ஹெக்டேர் நிலத்தைக் கையகப்படுத்தினார்கள். பயணிகள் அவ்வளவு தூரம் போக மறுத்தார்கள். 2004-ல் கடைசிப் பயணிகள் விமானமும் நின்றது, முனையக் கட்டடத்தை இடித்தே விட்டார்கள். ஜப்பானின் ஒசாகாவில் உள்ளூர் மக்கள் இரைச்சலுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1981-ல் இழப்பீடு வென்றார்கள். பிறகு 1994-ல் கடலுக்குள் தீவு ஒன்றை எழுப்பிப் புது விமான நிலையம் வந்தது. பழைய இடாமி விமான நிலையம் மூடப்படவில்லை, அதை மூடச் சொன்ன சுற்றுவட்ட நகரங்களே வேலைவாய்ப்பை நினைத்து அது இருக்கட்டும் என்று மாறிக்கொண்டன. இரவு 9 முதல் காலை 7 வரை அங்கே விமானம் கிடையாது. அத்தனை செலவுக்குப் பிறகும் ஊர்க்காரர்களின் தூக்கத்தைக் காப்பது அந்த நேர விதிதான்.

தரைச் சத்தத்துக்கு நிலத்தை வைத்தே ஒரு நூதன வழி கண்டது நெதர்லாந்து. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் 2003-ல் திறந்த ஓடுபாதையிலிருந்து, விமானம் ஓடத் தொடங்கும்போது எழும் ஆழ்ந்த உறுமல் தட்டையான வயல்களைத் தாண்டி வீடுகளுக்குப் போனது. அறுவடைக்குப் பின் வயலை உழுதிருக்கும் காலத்தில் மட்டும் உறுமல் குறைவதைக் கவனித்தார்கள். உழவுச் சால்களின் மேடுபள்ளம் தாழ்ந்த ஒலியை உடைத்திருக்கிறது. அதை வைத்தே பெரிய வரப்புகள் கொண்ட ஒரு பூங்காவை 2013-ல் அமைத்தார்கள். தலைக்கு மேல் பறப்பதற்கு இது உதவாது. அருகில் வயல்வெளி உள்ள நிலையத்துக்குச் செய்து பார்க்கலாம்.

இரவுத் தடை

இதை எதிர்ப்பவர்களின் வாதம் லேசானதல்ல. ஒரு விமான நிலையத்தை இரவில் மூடினால் விமானம் இன்னோர் ஊருக்குப் போகும். 2004-ல் பிரசல்ஸில் கூடுதல் இரவு விமானங்களுக்கு அனுமதி கிடைக்காததால், சரக்கு நிறுவனமான டி.ஹெச்.எல். தன் ஐரோப்பிய மையத்தை ஜெர்மனியின் லைப்ஸிக்குக் கொண்டுபோய் 2008-ல் திறந்தது. பிரசல்ஸில் வேலைகள் போயின. லைப்ஸிக்கைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இரவு சத்தம் வந்தது. ஆகவே தடையை ஒவ்வொரு நகரமும் தனித்தனியே பேசி முடிப்பது தவறு. எந்த நிலையம் இரவில் திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதை நாடு முழுவதற்கும் சேர்த்து அரசு முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கா 1990-ல் சட்டம் போட்டு உள்ளூர்க் கட்டுப்பாடுகளை மத்திய ஒப்புதலின்றிப் போட முடியாதபடி செய்தது. கலிஃபோர்னியாவின் பர்பேங்க் விமான நிலையம் முழு இரவுத் தடை கேட்டுப் பல ஆண்டு ஆய்வு செய்து விண்ணப்பித்து, 2009-ல் மறுக்கப்பட்டது. அதிகாரத்தை மையத்தில் வைத்தது சரி, அதை மறுப்பதற்கு மட்டுமே பயன்படுத்தியதுதான் குறை.

தடை போட்டால் பொருளாதாரமே நின்றுவிடும் என்பதை ஃபிராங்ஃபர்ட் ஒப்புக்கொள்ளாது. புது ஓடுபாதை 2011 அக்டோபரில் திறக்கும்போதே நீதிமன்றம் இரவு 11 முதல் காலை 5 வரை தடை விதித்தது, 2012 ஏப்ரலில் மேல் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஐரோப்பாவின் பெரிய மையங்களில் ஒன்றாக அது தொடர்ந்து இயங்குகிறது. சிட்னியில் 1995-லிருந்தே இரவு 11 முதல் காலை 6 வரை சட்டப்படி தடை. சத்தம் குறைந்த சில சரக்கு விமானங்கள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

குறையும் உண்டு. தடைக்கு முந்தைய ஒரு மணியிலும் பிந்தைய ஒரு மணியிலும் விமானங்கள் நெருக்கியடிக்கும். ஃபிராங்ஃபர்ட்டில் காலை 5 மணி என்பது பலருக்கு அலாரம் வேண்டாத நேரம். அதனால் தடையோடு சேர்த்து விளிம்பு மணிகளுக்கு ஹீத்ரோ மாதிரிப் புள்ளி வரம்பும் வேண்டும். தடையில்லாமல் வரம்பு மட்டும் வைத்தாலும் கூடப் பலன் உண்டு: ஹீத்ரோவில் இரவு 11.30 முதல் காலை 6 வரை ஆண்டு முழுக்க 5,800 விமானங்கள்தான் அனுமதி. அந்த இரவு விமானங்களுக்கு எதிராக மக்கள் போட்ட வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001-ல் அவர்கள் பக்கம் நின்றது, 2003-ல் பெரிய அமர்வு அதை மாற்றிவிட்டது. நீதிமன்றத்தை நம்பி அரசு முடிவெடுக்காமல் இருந்தால் இப்படித்தான், எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது.

இதோடு ஒப்பிட்டால் ஆண்டு மொத்த எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது சுமாரான வழி. நெதர்லாந்து 2022-ல் ஸ்கிபோலை 5,00,000 விமானங்களிலிருந்து 4,40,000-க்குக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஆணையமும் அமெரிக்காவும் எதிர்க்க, 2023 நவம்பரில் முதல் கட்டத்தை நிறுத்திவைத்தது. நாளெல்லாம் சமமாகக் குறைத்தால் 12 சதவீதம் குறைப்பு தரும் லாபம் அரை டெசிபலை ஒட்டித்தான். அவ்வளவு பெரிய சண்டைக்கு அது குறைவு. அதே சண்டையை இரவுக்கு மட்டும் போட்டிருந்தால் கைக்கு வருவது அதிகமாக இருந்திருக்கும்.

அப்படியானால் எதைத் தேர்வது?

புதிதாகக் கட்டப்போகும் விமான நிலையம் என்றால் நிலம்தான் முதல், இரண்டாவது, மூன்றாவது. எதிர்காலக் கோட்டுக்குள் வீட்டுமனை அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளூர் அமைப்பிடமிருந்து எடுத்து மேல் மட்டத்தில் வைக்க வேண்டும். ஏனென்றால் மனைக்கு அனுமதி தருபவர் ஒருவர், பிறகு புகாரைக் கேட்பவர் வேறொருவர்.

நகரம் ஏற்கனவே சூழ்ந்துவிட்ட பயணிகள் விமான நிலையம் என்றால் என் வரிசை இது: இரவு 11 முதல் காலை 6 வரை தடை முதலில், விளிம்பு மணிகளுக்குப் புள்ளி வரம்பு அடுத்தது, பகல் சத்தத்துக்குப் பள்ளிகள் தொடங்கி ஒலிக்காப்பு அதன் பின். சரிவான இறக்கமும் முறைவைத்த ஓய்வும் இவற்றோடு சேர்ந்து நடக்கட்டும். நிறுவனங்கள் அட்டவணையை மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தால் போதும். அமைதியான விமானத்துக்காகக் காத்திருப்பதில் கால்பங்கு காலம்கூட அது இல்லை.

சரக்கு மையம்தான் கடினம். இரவில் இறக்கி, பிரித்து, விடிவதற்குள் ஏற்றி அனுப்புவதே அதன் தொழில். அங்கே தடை போட்டால் பிரசல்ஸ் கதைதான். நாட்டுக்கு ஓரிரண்டு இரவு மையங்கள் தேவை என்று அரசு ஒப்புக்கொண்டு, மக்கள் குறைவாக உள்ள இடத்தில் அவற்றை அறிவிக்க வேண்டும். இரவுக் கோட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்குக் காப்பு வேண்டுமா, சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்காரரிடமே தேர்வை விட வேண்டும். அதற்கான பணம் பிரான்ஸ் முறையில் இரவுக் கட்டணமாக வரட்டும், பொதுக் கருவூலத்தில் கலக்காமல் தனி நிதியில் சேரட்டும். ஒரு இரவு விமானம் 10 பகல் விமானங்களுக்குச் சமம் என்று சூத்திரமே சொல்வதால், கட்டணத்தையும் 10 மடங்கிலிருந்து பேசத் தொடங்கலாம். பேரத்தில் எவ்வளவு குறையும் என்பது உட்கார்ந்து பேசும்போது தெரியும்.